வீடு மாறுவதற்கு முன் வேண்டாத சாமான்களை அனுப்பி வைப்பது எப்படி?

வீடு மாறப் போகிறவர்கள் பெரும்பாலும் புத்தகங்களையும் பாத்திரங்களையும் பெட்டியில் அடுக்குவதில்தான் தொடங்குவார்கள். அது உடனே செய்யக்கூடிய வேலை, செய்தது கண்ணுக்கும் தெரியும். ஆனால் கடைசி நாளில் ஆளை அலைக்கழிப்பவை வேறு. மாடிப்படியில் திரும்ப மறுக்கும் சோஃபா, யாருமே வேண்டாம் என்று சொல்லும் மெத்தை, கழற்ற ஆள் கிடைக்காத ஏசி. முதன்முறையாக ஒரு முழு வீட்டைக் காலி செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வலியுறுத்தப்போவது ஒன்றுதான்: பெரிய சாமான்களில் தொடங்குங்கள், சீக்கிரம் தொடங்குங்கள்.

ஒரு பழைய பொருள் எங்கே போய்ச் சேரும் என்பதை அதன் தரத்தைவிட உங்களிடம் மீதமிருக்கும் நாட்கள்தான் முடிவு செய்கின்றன. இரண்டு மாதம் இருந்தால் விற்கலாம். ஒரு மாதம் இருந்தால் தேவைப்படுகிறவர்களைத் தேடிக் கொடுக்கலாம். ஒரு வாரம்தான் என்றால் எடுத்துப் போகிறவருக்கு நாம் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரே நாள்தான் என்றால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வாஷிங் மெஷின்கூடக் குப்பைதான். ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-இல் மட்டும் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் உள்ளது 22.3 சதவீதம் மட்டுமே. அவசரத்தில் வாசலில் இறக்கி வைக்கும் பொருள் மீதிப் பங்கில்தான் சேரும். அதனால்தான் நாளைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எதைக் கொண்டுபோவது?

முதல் வேலை, அளக்கும் டேப்பை எடுப்பது. புது வீட்டின் அறை அளவு மட்டும் தெரிந்தால் போதாது. வாசற்கதவின் அகலம், படிக்கட்டு திரும்பும் இடம், லிஃப்டின் உள்ளளவு, கூரையின் உயரம் ஆகியவை வேண்டும். அங்கே போய் அளக்க முடியாவிட்டால் வீட்டு உரிமையாளரையோ இப்போது குடியிருப்பவரையோ அளந்து சொல்லச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

உயரமான அலமாரி விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. படுக்க வைத்து உள்ளே கொண்டுவந்த அலமாரியை நிமிர்த்தும்போது அதற்கு அதன் உயரத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும். 236 செ.மீ. உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள ஒரு அலமாரியின் பக்கவாட்டில் மூலைக்கு மூலை அளந்தால் ஏறத்தாழ 244 செ.மீ. வரும். கூரை 240 செ.மீ. என்றால், நின்றால் கச்சிதமாகப் பொருந்தக்கூடிய அந்த அலமாரி நிமிரவே நிமிராது. முழுக்கக் கழற்றி, நின்ற நிலையிலேயே மறுபடி பூட்ட வேண்டும். கழற்ற முடியாத வகை என்றால் இங்கேயே விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்தது செலவுக் கணக்கு. சாமான் ஏற்றிச் செல்லும் நிறுவனங்கள் பொதுவாக எடையையோ பொருள் அடைக்கும் இடத்தையோ வைத்துத்தான் கட்டணம் சொல்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்காதீர்கள். “இந்த சோஃபாவும் இந்த மேசையும் இல்லாவிட்டால் எவ்வளவு?” என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். அந்த வித்தியாசத்தையும், அதே தரத்தில் பழைய பொருளை அங்கே வாங்க ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல சமயம் முடிவு தானாகத் தெரிந்துவிடும். பொதுவாகச் சொன்னால், கெட்டி மரத்தில் செய்ததைக் கொண்டுபோகலாம். மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு அலமாரிகளை விட்டுவிடலாம். திருகாணி இறங்கிய ஓட்டை ஒருமுறை தளர்ந்தால் அந்தப் பலகையில் மறுபடி பிடிப்பு கிடைப்பது கஷ்டம். ஒரு பயணத்தைத் தாங்கினாலும் இரண்டாவதைத் தாங்காது.

நாடு விட்டு நாடு போகிறவர்கள் மின்சாதனங்களின் பின்புற ஸ்டிக்கரை அவசியம் படிக்க வேண்டும். சில நாடுகளில் வீட்டு மின்சாரம் 100 முதல் 127 வோல்ட் வரை, மற்றவற்றில் 220 முதல் 240 வரை. ஸ்டிக்கரில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் கவலையில்லை. லேப்டாப், போன் சார்ஜர்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் போன்றவை அப்படியல்ல. 110 வோல்ட்டுக்குச் செய்த ஹீட்டரை 220-இல் செருகினால் அது இழுக்கும் மின்திறன் நான்கு மடங்காகும், கருகிவிடும். மோட்டார் உள்ள சாதனங்களுக்கு மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பதும் முக்கியம். மாற்றிச் செருகும் அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது.

யாருடையது என்று பாருங்கள்

வாடகை வீடு என்றால் எது உங்களுடையது, எது வீட்டோடு வந்தது என்று ஒப்பந்தத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்களே வாங்கி மாட்டிய ஃபேனை விட்டுப் போகலாமா, கழற்றினால் சுவரை யார் பூசுவது என்பதையெல்லாம் இப்போதே பேசிவிடுவது நல்லது. அடுத்து குடிவருகிறவருக்கு உங்கள் கட்டிலோ திரைச்சீலைக் கம்பியோ பயன்படக்கூடும் என்றால் உரிமையாளர் மூலம் கேட்டுப் பாருங்கள். நகர்த்தவே தேவையில்லாத கைமாற்றம் அது.

பரம்பரைச் சாமான்கள் தனி விஷயம். பாட்டியின் மரப்பெட்டியை விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை ஒருவர் தனியாக முடிவு செய்யக் கூடாது என்பது என் எண்ணம். உடன்பிறந்தவர்கள், சித்தப்பா, அத்தை என்று யாருக்கெல்லாம் அதில் பாசம் உண்டோ அவர்கள் எல்லோருக்கும் படம் எடுத்து அனுப்புங்கள். “எடுத்துக்கிறேன், வச்சிருங்க” என்று யாராவது சொன்னால் மகிழ்ச்சி. கூடவே ஒரு தேதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி இல்லாத வாக்குறுதியால் அந்தப் பெட்டி கடைசி நாள்வரை கூடத்தில் நிற்கும். பிறகு கோபத்தோடு அதைப் பற்றி முடிவெடுக்க நேரிடும். உறவுக்கு அது நல்லதல்ல.

விற்பது

எட்டு வாரம் முன்பே விளம்பரம் போட்டுவிடுங்கள். படம் பகல் வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்கட்டும். முழுப் பொருள் ஒன்று, மாடல் எண் உள்ள ஸ்டிக்கர் ஒன்று, கீறலோ கறையோ இருந்தால் அதன் அருகாமைப் படம் ஒன்று. ஃப்ரிட்ஜில் அந்த ஸ்டிக்கர் பெரும்பாலும் உள்சுவரில் இருக்கும். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினில் கதவைத் திறந்தால் அதன் விளிம்பில் தெரியும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். எந்த மாடி, லிஃப்ட் உண்டா, கழற்றித் தருவீர்களா, எந்தத் தேதிக்குள் எடுத்துப் போக வேண்டும் என்பதும் இருந்தால் வீண் அழைப்புகள் பாதியாகக் குறையும். மின்சாதனம் ஓடுவதைக் காட்டும் ஒரு சிறு வீடியோ பத்து வரி வர்ணனையைவிட அதிகம் பேசும்.

விலை வைக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். வாங்குகிறவர் வண்டிக்கும் தூக்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார். நாம் கொடுத்த விலை நம் மனதில் நிற்கும், அவருக்கு அது சம்பந்தமில்லை. முதல் இரண்டு வாரம் ஒரு விலை, அடுத்த இரண்டு வாரம் அதில் பாதி, அப்புறம் இலவசம் என்று முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொரு பேரத்திலும் மனம் அல்லாட வேண்டியதில்லை. குறைகளை மறைக்காதீர்கள். டிரையர் வேலை செய்யவில்லை என்றால் அதை முதல் வரியிலேயே போடுங்கள். பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அதற்கென்றே வாங்குவதும் உண்டு.

பண விஷயத்தில் கவனம். பொருளைப் பார்க்காமலேயே முழுத் தொகையும் தருகிறேன் என்பவர், கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்பவர், பணம் வர இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள் என்பவர், இவர்களிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பணம் பெறுவதற்கு நீங்கள் பின் எண்ணையோ ஓடிபியையோ யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பொருளைப் பார்க்க ஆள் வரும்போது வீட்டில் உங்களோடு இன்னொருவர் இருக்கட்டும். முன்பணம் தராதவருக்காகப் பொருளை நிறுத்தி வைக்க வேண்டாம்.

கொடுப்பது

தானமாகக் கொடுக்கும் பொருளுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது: நெருங்கிய நண்பர் வீட்டில் இதைக் கொண்டுபோய் வைப்பேனா? வைக்கமாட்டேன் என்றால் அதை ஒரு விடுதிக்கோ காப்பகத்துக்கோ அனுப்பவும் எனக்கு உரிமையில்லை. உடைந்த நாற்காலியை அங்கே இறக்கிவிட்டு வந்தால் அதை அப்புறப்படுத்தும் செலவு ஏற்கெனவே பணத்துக்குத் திண்டாடும் அவர்கள் தலையில் விழுகிறது. முதலில் அழைத்து என்ன தேவை, என்ன எடுக்கமாட்டார்கள், வந்து எடுத்துப் போவார்களா என்று கேளுங்கள். மெத்தை, பழைய குழாய் டிவி, சோதித்துப் பார்க்காத மின்சாதனங்கள் ஆகியவற்றைப் பல அமைப்புகள் ஏற்பதில்லை. வண்டி வரும் நாளுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கலாம்.

குழந்தைகளுக்கான பொருட்களில் மட்டும் தாராள மனதைக் கொஞ்சம் அடக்க வேண்டும். கார் இருக்கைகளுக்குக் காலாவதித் தேதி உண்டு; பெரும்பாலும் அடிப்பகுதியிலோ பின்புறத்திலோ அச்சிட்டிருப்பார்கள். தேதி முடிந்ததையும் விபத்தில் சிக்கியதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பட்டைகளை வெட்டிவிட்டு அப்புறப்படுத்துங்கள். ஒரு பக்கத் தடுப்பு கீழே இறங்கும் பழைய தொட்டில் கட்டில்களும் ஆபத்தானவை. அந்தத் தடுப்பு கழன்று உண்டாகும் இடைவெளியில் குழந்தைகள் சிக்கி இறந்ததால் சில நாடுகள் அவற்றை விற்பதற்கே தடை விதித்துவிட்டன.

மின்சாதனங்களைத் தயார் செய்வது

ஃப்ரிட்ஜ்தான் அதிகக் கவனம் கேட்கும். எடுத்துப் போகும் நேரத்துக்கு ஒரு நாள் முன்பே மின்சாரத்தை நிறுத்தி, உறைபனி உருகி வடியட்டும். பின்புறம் கம்ப்ரஸருக்கு மேல் ஒரு தட்டில் தண்ணீர் நிற்கும், அதையும் பார்த்துக் காலி செய்யுங்கள். உள்ளே துடைத்துக் காயவிட்டு, பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கதவிடுக்கில் ஒரு துண்டை வையுங்கள். நிமிர்ந்த நிலையிலேயே கொண்டுபோக வேண்டும். வேறு வழியில்லாமல் படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். வாங்குகிறவரிடம் சொல்லுங்கள்: பல மணி நேரம், முடிந்தால் ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்த பிறகே போட வேண்டும். வீட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் வைப்பதானாலும் கதவைக் கழற்றிவிடுங்கள், குறைந்தபட்சம் திறக்கவே முடியாதபடி கட்டிவிடுங்கள். விளையாட்டாக உள்ளே ஒளிந்துகொண்ட குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்திருக்கிறார்கள். தாழ்ப்பாள் போட்ட கதவுள்ள பழங்கால ஃப்ரிட்ஜ்களில் இந்த ஆபத்து மிக அதிகம்.

ஓடாத ஃப்ரிட்ஜையும் சாதாரண இரும்பாக நினைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் வாயுதான் காரணம். 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு, ஓசோன் படலத்தைக் கெடுக்கும் சிஎஃப்சி வாயுக்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-134ஏ, ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். இப்போது பரவலாக உள்ள ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், அந்த வகையில் மிகக் குறைந்த தீங்குதான், ஆனால் தீப்பற்றக்கூடியது. ஆகவே செம்புக்காகக் குழாயை வெட்டுகிறவரிடம் கொடுக்காமல், வாயுவை உறிஞ்சி எடுக்கும் வசதியுள்ள மறுசுழற்சி நிலையத்திடம் சேர்ப்பதே சரி. புதிய ஃப்ரிட்ஜ் வாங்கப் போகிறீர்கள் என்றால் பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கடையில் முதலிலேயே கேளுங்கள். பல நாடுகளில் அது சட்டப்படி அவர்கள் பொறுப்பு.

ஸ்ப்ளிட் ஏசியைக் கழற்றும் மெக்கானிக், கம்ப்ரஸரை ஓடவிட்டு, ஒரு வால்வை முதலில் மூடி, வாயு முழுவதையும் வெளிப்புற யூனிட்டுக்குள் இழுத்து அடைத்த பிறகே குழாயைக் கழற்றுவார். பம்ப் டவுன் என்று இதைச் சொல்வார்கள். இதற்கு ஏசி ஓட வேண்டும், வீட்டில் மின்சாரம் இருக்க வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்த பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் இந்த வேலை நடக்காது, வாயு காற்றில்தான் போகும். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் தேதிக்குச் சில நாட்கள் முன்பாகவே அவருடைய தேதியை வாங்கிவிடுங்கள்.

வாஷிங் மெஷினில் குழாயை மூடி, ஹோஸ் இரண்டையும் கழற்றி, கீழே உள்ள ஃபில்டர் மூடியைத் திறந்து மீதித் தண்ணீரை ஒரு தாழ்ந்த தட்டில் வடியுங்கள். முன்பக்கக் கதவு வகை என்றால் டிரம்மை அசையாமல் பிடிக்கும் நீண்ட போல்ட்டுகள் வாங்கும்போதே கூட வந்திருக்கும். தேடி எடுத்து மாட்டுங்கள். அவை இல்லாமல் குலுங்கினால் டிரம்மைத் தாங்கும் ஸ்பிரிங்குகளும், அதிர்வைத் தாங்கும் டேம்பர்களும் கெடும். இந்த மெஷின்களுக்குள் அதிர்வைக் குறைக்கக் கனமான கான்கிரீட் கட்டி இருக்கும். இரண்டு பேருக்குக் குறைந்து யாரும் தூக்க வேண்டாம்.

மைக்ரோவேவைச் சும்மா பார்க்கலாமே என்று பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னேற்றம் நிற்கக்கூடும். பழைய குழாய் டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அதை உடைப்பது தவறு. கேபிள்களை எரித்துச் செம்பு எடுப்பதால் நச்சுப் புகை வரும். கம்பிகளை எரித்து எடுக்கிறார் என்று தெரிந்தால் அவரிடம் எதையும் தராதீர்கள், விலை எவ்வளவு கூடுதலாகச் சொன்னாலும்.

கம்பியில்லா வாக்வம் கிளீனர், பவர் பேங்க், பழைய போன் ஆகியவற்றில் லித்தியம் பேட்டரி இருக்கும். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். கழற்றக்கூடிய பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். ஸ்மார்ட் டிவி, ரவுட்டர், பிரின்டர் போன்றவற்றைக் கொடுப்பதற்கு முன் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்யுங்கள். போனில் கணக்கை நீக்காமல் ரீசெட் மட்டும் செய்தால் பூட்டு அப்படியே நிற்கும், வாங்கியவருக்கு அது வெறும் கண்ணாடித் துண்டுதான்.

மெத்தையும் மரமும்

மெத்தையின் தையலோரங்களைத் தூக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள், தோல் உரிந்த கூடுகள், சிறு ரத்தக் கறைகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அவை உணவில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அப்படிப்பட்ட மெத்தையையோ சோஃபாவையோ யாருக்கும் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றி, மேலே பெரிய எழுத்தில் எழுதி, கழிவாகவே அனுப்புங்கள். பூச்சி இல்லாத மெத்தை என்றால் ஸ்பிரிங்கையும் ஃபோமையும் பிரித்தெடுக்கும் மறுசுழற்சி நிலையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

மரச்சாமான்களைக் கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுங்கள். திருகாணிகளை ஒரு சிறு பையில் போட்டு, அவற்றைத் திருகும் ஆறுமுகச் சாவியான ஆலன் கீயோடு சேர்த்து அந்தப் பொருளிலேயே ஒட்டுங்கள். வாங்கிப் போகிறவர் வாழ்த்துவார். மிஞ்சிய பலகைகளை எரித்துவிடலாம் என்று தோன்றும். மரநாரைப் பசையில் அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை, பார்ட்டிகிள் போர்டு, பெயின்ட் அடித்த மரம் எதையும் எரிக்கக் கூடாது. பசையும் பெயின்ட்டும் நச்சுப் புகையாகும், பழைய பெயின்ட்டில் ஈயமும் இருக்கலாம்.

கடைசி வாரம்

ஃப்ரிட்ஜ், அடுப்பு, ஒரு மெத்தை, இவைதான் கடைசியில் போக வேண்டியவை. இவற்றை வாங்குகிறவரிடம் எடுத்துப் போகும் நாளை முதலிலேயே பேசி வைத்தால் நடுவில் சிரமப்பட வேண்டியதில்லை. எரிவாயு இணைப்பைப் பயிற்சி பெற்றவரே துண்டிக்கட்டும்.

பணம் வாங்கிக்கொண்டு ஏற்றிச் செல்கிறவர் எங்கே கொண்டுபோகிறார் என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போனால், பொருளைக் கொடுத்தவரையும் பொறுப்பாக்கும் சட்டம் சில நாடுகளில் உண்டு.

இன்னொன்று, இதை ஆறு வாரம் முன்பே செய்துவிடுங்கள். உங்கள் உள்ளாட்சி அமைப்பு பெரிய கழிவுகளை வீட்டுக்கே வந்து எடுக்கிறதா என்று விசாரித்து, சாவியை ஒப்படைக்கும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பாக ஒரு தேதியைப் பதிவு செய்து வையுங்கள். எத்தனை உருப்படி, எந்த நேரத்தில் வெளியே வைக்க வேண்டும், எவற்றை எடுக்கமாட்டார்கள் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்குள் எல்லாம் போய்விட்டால் பதிவை ரத்து செய்தால் சரி.